பூங்காக் கழிப்பறைப் பூட்டைத் திறந்துவிடுங்கள், ஐயா

மதிப்புக்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பூங்காவில் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடப்பது தங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. மனுவும் கொடுத்தாயிற்று, கவுன்சிலரிடமும் சொல்லியாயிற்று. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்கு அப்புறம்தான் இப்படி ஊரறிய எழுதத் துணிந்தேன்.

எனக்கு இது ஏழாம் மாதம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. "நாளெல்லாம் நின்னுட்டுத்தானே இருக்கறே, அப்புறம் எதுக்கு வாக்கிங்?" என்று வீட்டில் கேட்டார்கள். நிற்பது காலை வீங்க வைக்கும், நடப்பதுதான் சர்க்கரையைக் குறைக்கும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகே விட்டார்கள். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் எனக்கு 140-ஐத் தாண்டியிருந்தது. இது கட்டுக்குள் வராவிட்டால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்துவிடும், பிறந்தவுடன் அதற்குச் சர்க்கரை இறங்கிவிடும் என்றார். மருந்துக்குப் போகும் முன் சாப்பாட்டை மாற்றி, தினம் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்.

வேறு சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020இல் சொல்லியிருக்கிறது. கர்ப்ப காலத்தில் முறையாக உடற்பயிற்சி செய்தவர்களின் குழந்தைகள் ஒரு மாதத்தில் கைகால் அசைவில் சற்று முந்தியிருந்ததாக 2019இல் ஓர் அமெரிக்க ஆய்வும் வந்தது. என் பிள்ளை முந்தக்கூட வேண்டாம், நல்லபடியாகப் பிறந்தால் போதும்.

சரி, நடக்கலாம். ஆனால் பிள்ளை வளர வளர மூத்திரப்பையை அழுத்துகிறது. அரை மணி நேரம் யாரால் அடக்க முடியும்? அன்றைக்கு வாட்ச்மேனிடம் சாவி கேட்டேன். "காண்ட்ராக்டர்கிட்ட இருக்குதுங்க அம்மிணி. எதிர்த்தாப்ல பெட்ரோல் பங்க்ல கேட்டுப் பாருங்க" என்றார். லாரி ஓடும் ரோட்டைத் தாண்டிப் போனால் அங்கேயும் பூட்டு. திரும்பி வந்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒதுங்கினேன். யாரென்றே தெரியாத ஒரு பாட்டி முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றார். இந்த வயிற்றோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழ முடியாது ஐயா. அவர்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பத்தடி தள்ளிப் பையன்கள் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இப்போதெல்லாம் நடக்க வரும் முன் தண்ணீர் குடிப்பதில்லை. அதுவும் ஆபத்தாம். தண்ணீரைக் குறைத்து, வந்ததையும் அடக்கினால் கிருமித் தொற்று வரும், கவனிக்காமல் விட்டால் குறைமாதப் பிரசவத்தில்கூடக் கொண்டுபோய் விடலாம் என்கிறார் டாக்டரம்மா. ஒரு பூட்டைத் திறந்துவிடுங்கள் என்றுதானே கேட்கிறோம்?

செல்ஃபி எடுக்க வைத்த ஊர்ப் பெயர் எழுத்துகளுக்கு விடிய விடிய விளக்கு எரிகிறது. கழிப்பறைத் திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர்கள் பளபளக்கின்றன. திறந்தது அந்த ஒரு நாள்தான் போலிருக்கிறது. ஆண்களுக்கு ஊரெல்லாம் சுவர் இருக்கிறது, அதற்குச் சாவியும் தேவையில்லை. ஷிப்ட் ஷிப்டாக நின்று பனியனைக் கப்பலேற்றும் பெண்களுக்குத்தான் பஸ் ஸ்டாண்டிலும் மூக்கைப் பொத்திக்கொண்டு காசு கொடுக்கும் பாக்கியம்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக எதுவும் கட்டச் சொல்லவில்லை. பூட்டைத் திறந்துவிடுங்கள். பூங்கா திறந்திருக்கும் நேரமெல்லாம் சாவி வாட்ச்மேனிடமே இருக்கட்டும். குழாயில் தண்ணீர் வர வேண்டும், உள்ளே ஒரு பல்பு வேண்டும். மேற்கத்திய கோப்பை ஒன்றும் பிடித்து எழக் கைப்பிடியும் வைத்துத் தந்தால் பெரிய உதவி. எனக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது, அதற்குள் உத்தரவு போடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூங்காவில் நடக்க வரும் கர்ப்பிணி ஒருத்தி