ஸ்வானி ரிவர் பாத்தேன்டா

டேய் ராஜா,

உன் லெட்டர் வந்துச்சு, கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல நிம்மதி, சொட்டு மருந்த மட்டும் மறக்காம போடு, உன்ன நம்ப முடியாது. இங்க எல்லாரும் சௌக்கியம், சின்னவளுக்கு திருச்சியிலயே வேலை கெடச்சிருச்சு.

பழைய பாட்டுப் படம் எதாச்சும் பாத்தியான்னு கேட்டிருந்தல்ல, 1939ல வந்த 'ஸ்வானி ரிவர்'னு ஒரு ஹாலிவுட் கலர் படம் பாத்தேன். 'ஓ சூசன்னா' பாட்டு எழுதின அமெரிக்கக்காரர் ஸ்டீபன் ஃபாஸ்டர் கதை, டான் அமீச்சி தான் ஹீரோ. அந்தக் காலத்துல வெள்ளக்காரங்க மூஞ்சில கரியப் பூசிக்கிட்டு கறுப்பின ஜனங்கள கேலி பண்ணி ஆடிப் பாடுற மேடை கம்பெனிங்க இருந்துச்சு, ஃபாஸ்டர் நெறய எழுதினது அவங்களுக்குத்தான், அதுல ஒரு கம்பெனி மொதலாளி கிறிஸ்டியா அல் ஜோல்சன் வர்றாரு, கரியோடதான், குரல் என்னமோ அருமைதான்டா ஆனா பாக்க சகிக்கல.

எனக்கு அத விட ஆத்திரம் எதுலன்னா, அதே படத்துல ஹால் ஜான்சன் குழுன்னு நெஜமான கறுப்பினப் பாடகர்கள் இருக்காங்க, அப்படி ஒரு கோரஸ், ஆனா அவங்களுக்கு குடுத்த எடம் படகுத்துறைல வேலை செய்யற கூலிக்காரங்களா நின்னு பாடுறது. மேடையும் கைத்தட்டலும் கரி பூசினவருக்கு.

படத்துல பொண்டாட்டி ஜேன் தெற்கத்திப் பொண்ணு, நெஜத்துல அந்தம்மா வடக்குல இருக்கற பிட்ஸ்பர்க்காரங்க. படத்துக்குப் பேரு குடுத்த பாட்டுல வர்ற ஸ்வானி ஆத்த ஃபாஸ்டர் கண்ணால பாத்ததே இல்லயாம், மேப்புல தேடி எடுத்த பேரு! 1851ல அந்தப் பாட்டு அச்சுல வந்தப்போ எழுதினவர்னு கிறிஸ்டி பேருதான் இருந்துச்சு, ஃபாஸ்டர் காசுக்காக பேர வித்துட்டாரு. 1864ல நியூயார்க் ஆஸ்பத்திரில 37 வயசுல செத்தப்போ பர்ஸ்ல 38 சென்ட்.

சரி ஆளையே தூக்கிப் போட்டுடலாம்னா அதுக்கும் மனசு வரல, அடிமையா இருந்து தப்பிச்சு வந்த பிரெடெரிக் டக்ளஸே 1855ல ஃபாஸ்டரோட 'மை ஓல்ட் கென்டக்கி ஹோம்' பாட்டு அடிமைங்க மேல இரக்கம் வர வைக்குதுன்னு சொல்லியிருக்காரு. பிட்ஸ்பர்க்ல ஃபாஸ்டர் சிலைய 2018ல எடுத்துட்டாங்க, காலடியில செருப்பில்லாம ஒரு கறுப்பினக்காரர் உக்காந்து பாஞ்சோங்கிற தந்தி வாத்தியம் வாசிக்கிற மாதிரி செஞ்சு வெச்சிருந்தாங்க, எடுத்தது சரின்னுதான் எனக்குப் படுது.

கண்ணுல கட்டு பிரிச்சதும் நீயும் பாரு, முழுசா வேணாம், அந்த கோரஸ் வர்ற எடம் போதும். ஆமா, சண்முகம் மக கல்யாணத்துக்கு வர்றியா இல்லயா? ட்ரெயின் டிக்கெட் போடணும், சீக்கிரம் எழுது.

உன்
முருகேசன்