22 நிமிடம்

செவில், ஸ்பெயின்,
ஏப்ரல் 14, இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். காலையில் எழுந்ததும் உனக்கு போன் போட்டு இன்றைய கதையை அவள் பாணியில் சொல்லுவாள். அதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

இன்று மாட்ரிட்டிலிருந்து கார்டோபா வழியாக செவில். மொத்தம் 540 கிலோமீட்டர் இருக்கும். 6.15க்குப் பெட்டிகள் அறை வாசலில், 7 மணிக்கு பஸ். 36 பேரில் முதலில் ஏறியது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டைப் பிடித்தேன். அங்கிருந்தால்தான் டேக்கோகிராஃப் என்ற மிஷின் தெரியும். டிரைவர் தன் அட்டையை அதில் செருகிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். எவ்வளவு நேரம் ஓட்டினார், எப்போது நின்றார், எல்லாம் அதில் பதிவாகிவிடும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. ராத்திரி வண்டியை நிறுத்தினால் வழக்கமாக 11 மணி நேரம் கழித்துத்தான் மறுபடி தொட முடியும். டபுள் டியூட்டி முடித்து, கண் சிவந்துபோய் டிரிப் ஷீட்டை நம் பஸ் ஸ்டாண்டில் என் மேஜையில் வைத்த டிரைவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டுத்தானே அனுப்பினேன்.

லா மாஞ்சா ஒரே சமவெளி. குன்றின்மேல் வெள்ளைக் காற்றாலைகள் தெரிந்தபோது பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கம். அப்புறம் ஒரு கணவாய், தெஸ்பெனியாபெரோஸ் என்று பெயர். நாய்களை உருட்டிவிடும் இடம் என்று அர்த்தமாம். அதைத் தாண்டினால் அந்தலூசியா, ஹயென் மாகாணம். கண்ணுக்கு எட்டிய வரை ஆலிவ் மரம்தான். அந்த ஒரு மாகாணத்தில் மட்டும் 6 கோடிக்கு மேல். மரங்கள் குட்டைதான், நம் புளியங்குடி எலுமிச்சைத் தோப்பு மாதிரி. ஆனால் தோப்பு முடியவே இல்லை. ஒரு மணி நேரம் ஓடியும் அதே வரிசை, அதே சாம்பல் பச்சை. அம்மா, "இதுக்கெல்லாம் யார் தண்ணி பாய்ச்சுவா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கார்டோபாவில் அந்தப் பெரிய மசூதி. 780களில் கட்டத் தொடங்கி, பல தடவை பெரிதாக்கியிருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டிலிருந்து அது தேவாலயம். 856 தூண்கள். முதலில் நிறுத்தியவை பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்துவந்தவை, உயரம் போதவில்லை. அதனால் வளைவுக்கு மேல் இன்னொரு வளைவு வைத்துக் கூரையைத் தூக்கிவிட்டார்கள். கையில் இருந்ததை வைத்து ஒப்பேற்றின வேலைதான், ஆனால் எப்படிப்பட்ட வேலை! சிவப்புச் செங்கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி வரும் அந்த வளைவுகளுக்கு நடுவே நின்றால் எந்தப் பக்கம் வந்தோம் என்றே தெரியவில்லை.

தாமதம் அங்கே ஆகவில்லை. வெளியே முற்றத்தில் ஆகிவிட்டது. முற்றம் முழுக்க ஆரஞ்சு மரங்கள். மரத்துக்கு மரம் கல் பாவிய சின்ன வாய்க்கால். எல்லாம் பூத்திருந்தன. அந்த வாசனை நம் ஆச்சி வீட்டுக் கிணற்றடி நாரத்தை பூத்தால் வருமே, அதேதான். இங்கே ஆரஞ்சுக்கு நரான்ஹா என்று பெயர். நாரங்கம் என்ற சொல் பாரசீகம், அரபு என்று ஒவ்வொரு வாயாக மாறி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. நம் நாரத்தைக்குத் தூரத்துச் சொந்தம். வாய்க்காலில் தண்ணீர் எங்கே திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே ஒரு மரத்தடியில் நின்றேன். அவ்வளவுதான்.

ஆற்றுப் பாலத்துக்கு அக்கரையில் பஸ். 4.15க்கு வரச் சொன்னார்கள். நான் வேர்க்க விறுவிறுக்கப் படியேறியபோது 4.37. 35 பேரும் என்னையே பார்த்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கைதட்டினார். அம்மா எழுந்து நின்று, "இவர் 31 வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர்" என்றாள். பஸ்ஸே குலுங்கியது. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த மிஷினைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். செவில் சேர நேரமானதால் நாளைக்கு அவர் பஸ்ஸை எடுப்பதும் அரை மணி தள்ளிப்போகிறது.

இந்த நாட்டுக் கடிகாரமே சரியில்லை என்று அம்மாவிடம் வாதாடிப் பார்த்தேன். லண்டனுக்கு நேர் கீழே இருக்கிற தேசம், 1940லிருந்து பெர்லின் நேரத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் 9 மணிக்குச் சூரியன் மறைகிறது. அவள் காதில் வாங்கவில்லை.

செவில் தெருவெல்லாம் அதே மரம், அதே வாசனை. ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் எழுதுகிறேன்.

பாப்பா, நீ பத்தாவது படிக்கும்போது 8.10 வண்டிக்கு ஓடி வந்தாய். கடைசிப் பெஞ்சு ஜன்னலில் உன் தோழிகள் கத்தினார்கள். நீ வருவது எனக்கும் தெரிந்தது. மணியைப் பார்த்தேன், 8.11. விசில் ஊதினேன். அன்றைக்கு உனக்குக் கணக்குப் பரீட்சை என்று ராத்திரி அம்மா சொல்லித்தான் தெரியும். நீ எப்படிப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாய் என்று நான் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொல்லு.

அன்புடன்,
அப்பா