அந்த வேளாக்கொம்பு விசயமா என்ர பிள்ளைக்கு

என்ர பிள்ளைக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம், உன்ர சுகத்துக்கு அம்மாளாச்சியை வேண்டிக்கொண்டிருக்கிறம். நீ போன் எடுத்து இண்டையோட 19 நாளாச்சு. வட்ஸ்அப்பில ரெண்டு நீலக்கோடு விழுது, அப்ப பாக்கிறாய்தானே. பிள்ளைக்கு லாப்பில வேலை கூடவாக்கும், ஆத்துப் பக்கம் போனா சிக்னல் இல்லையாக்கும் எண்டு கொம்மா சொல்லிக்கொண்டு திரியிறா. எனக்குச் சொல்றாவோ தனக்குச் சொல்றாவோ தெரியேல்ல. வொய்ஸ் போடுவம் எண்டு ரெண்டு மூண்டு தரம் அமத்திப் பாத்தன், தொண்டை அடைக்குது, அதால எழுதுறன். பிழை எழுத்து இருந்தா விளங்கி வாசி.

முதல் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போடுறன், அங்க அவுஸ்திரேலியாவில முதலை இருக்கிற ஆத்துக்க இறங்காத. நீ அனுப்பின வீடியோவில முழங்கால் தண்ணியில நிண்டு, பல்லு வைச்ச வாள் மாதிரிக் கொம்புள்ள குட்டி வேளா மீனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய், செட்டையில நகத்தளவு துண்டு வெட்டிக் குப்பிக்க போட்டிட்டு அதைத் திருப்பி விடுறாய், பக்கத்தில நிக்கிறவன் சிரிக்கிறான், ஒருத்தரும் பின்னுக்குத் திரும்பிப் பாக்கேல்ல. அந்த வீடியோவை நான் எத்தினை தரம் பாத்திருப்பன் எண்டு தெரியாது, உன்னைப் பாக்கேல்ல பிள்ளை, உனக்குப் பின்னால கிடக்கிற கலங்கல் தண்ணியத்தான் பாத்தனான். வள்ளத்தில நிண்டு செய்யலாம்தானே, இறங்கித்தான் செய்ய வேணுமோ. ரவுன்ஸ்வில் பக்கம் கடலிலயும் விசச்சொறி இருக்காம், மழைக்காலத்தில கூடவாம், கொண்ணன் போனில தேடிப் பாத்துச் சொன்னவன். கடலடிக்காரன்ர பிள்ளைக்கு நான் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, எண்டாலும் அது உன்ர கடல் இல்லை.

சிவலைப் பசு ஈண்டிட்டுது, நாகு கண்டு. அத்தைக்கு முழங்கால் வருத்தம் அப்பிடியே கிடக்கு. கொண்ணன்ர வீட்டுக்கு பிளேட் போட்டாச்சு. மற்றதெல்லாம் பேந்து சொல்றன்.

போன கிழமை சங்கத்தில கூட்டம். இழுவைமடியால அடி மண்ணெல்லாம் வழிச்சுக்கொண்டு போறாங்கள், 2017ல சட்டம் போட்டும் என்ன கண்டது எண்டு எல்லாரும் சத்தம் போட்டுக் களைச்ச பிறகு, உன்ர மகள் என்ன அப்பிடிப் பெரிசாப் படிக்கிறாள் எண்டு ஒருத்தர் கேட்டார். நான் எழும்பி நிண்டு சொன்னன். நீ வாடியில இருந்து எனக்குச் சொல்லித் தந்த அந்த நீலச்செட்டைச் சூரைக் கதையைத்தான் சொன்னன். 2006ல இருந்து 2010 வரைக்கும் இந்தோனேசியாவில இறக்கின பெரிய மீனையும் அவுஸ்திரேலியாவுக்குத் தெற்கால பிடிச்ச குஞ்சு மீனையும் சேத்து கிட்டத்தட்ட 14,000 மீனின்ர தசையில துண்டு எடுத்து, எது எதின்ர பிள்ளை எண்டு டிஎன்ஏயில பாத்ததில 45 சோடிதான் தாய் பிள்ளை, தேப்பன் பிள்ளை எண்டு பொருந்தி வந்தது, அந்த 45ஐ வைச்சே கடலில எத்தினை பெரிய மீன் மிச்சம் இருக்கு எண்டு கணக்குப் போட்டினம் எண்டு. அதெப்பிடி எண்டு கேட்டினம். 2009ல முகாமில நாங்கள் கிட்டத்தட்ட 3 லட்சம் சனம் கிடந்தம், அதுக்க கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தன்ர தோளில கை வைச்சா அவன் ஆரோ எவரோ. ஒரு தறப்பாளுக்க இருக்கிற இருபது பேருக்க கை வைச்சா அவன் உன்ர சொந்தமா இருப்பான். சனம் குறையக் குறைய சொந்தம் கையில தட்டுப்படும், கூடக் கூடத் தட்டுப்படாது, மீனும் அப்பிடித்தான் எண்டு சொன்னன். ஒருத்தரும் கொஞ்ச நேரம் கதைக்கேல்ல. பிறகு எங்கட தலைவர் சொன்னார், உதை இஞ்சயும் செய்ய வேணும், எங்கட மீனை எங்களுக்கு எண்ணித் தர ஆள் வேணும் எண்டு. எனக்கு நெஞ்சு நிறைஞ்சுது. நீ அதில இருந்திருக்க வேணும்.

பெருமையாச் சொல்லிப்போட்டு வீட்டை வந்து போனைத் திறந்தா, பேஸ்புக்கில நீ போட்ட படம்.

ஐயான்ர படம். கறுப்பு வெள்ளை, சால்வையோட நிக்கிறது, எங்களிட்ட மிஞ்சின ஒரே படம். பக்கத்தில அந்தக் கொம்பு. கீழ நீ எழுதியிருக்கிறாய், என்ர அப்பப்பா 1962ல முல்லைத்தீவு வட்டுவாகல்ல பிடிச்ச வேளா, இதைக் கண்டுதான் நான் இந்தப் படிப்புக்கு வந்தனான் எண்டு. ஆரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அழுற முகம் போட்டிருக்கு. ஆரோ ஒருத்தன் இப்பிடியான ஆக்களாலதான் அழிஞ்சது எண்டு எழுதியிருக்கிறான், நீ அதுக்கு, அந்தக் காலத்து ஆக்களுக்குத் தெரியாது, அவையில பிழையில்லை எண்டு மறுமொழி போட்டிருக்கிறாய்.

நீ கேக்காமப் போட்டது எனக்கு மனவருத்தம்தான் பிள்ளை. பெரியாக்களின்ர படத்தை ஊர் உலகத்துக்குக் காட்ட முதல் ஒரு சொல் கேக்கலாம்தானே. நீ இப்ப எதையும் கேக்கிறேல்ல. கலியாணப் பேச்சும் உன்னோட கதைக்க ஏலாது, எப்ப வாறாய் எண்டும் கேக்க ஏலாது, கேட்டா சிரிச்சிட்டு வைச்சிடுவாய்.

ஆனா நீ கேக்கத்தான் செய்தனீ. அதை நான் மறைக்கக் கூடாது. அந்தக் கொம்பில துளை போட்டு எடுத்த தூளில இருந்து டிஎன்ஏ வடிவா வந்திருக்கு எண்டு சந்தோசமா போன் எடுத்த அண்டைக்கு, அப்பா வருசம் சரிதானே, 62தானே, இதை ஆராய்ச்சிப் பேப்பரில எழுதப் போறன் எண்டு ஒருக்காக் கேட்டாய். நான் ஓம் எண்டன். திருப்பியும் கேட்டாய். சிக்னல் இல்லை எண்டு சொல்லிக் கட் பண்ணினன். சிக்னல் இருந்தது. அண்டையோடதான் நீ எடுக்கிறேல்ல.

பல்லு விளக்கிற பவுடர் அளவு தூள், அதுக்குப் பெர்மிட் எடுக்க நீ கொழும்புக்கும் இஞ்சைக்குமா அலைஞ்ச அலைச்சல் எனக்குத் தெரியும். 2007லயே உலகம் முழுக்க வேளா வியாபாரத்தைத் தடைப் பட்டியலில போட்டிட்டாங்கள், ஒரு பல்லுக்கூடக் கடதாசி இல்லாமக் கடக்க ஏலாது எண்டு சொன்னாய். மியூசியங்களிலயும் ஆக்களின்ர வீட்டுச் சுவர்களிலயும் தொங்குற பழைய கொம்புகள்தான் இப்ப மிஞ்சின சாட்சி, அதில துளை போட்டுத் தூள் எடுத்தா அந்தக் காலத்தில எத்தினை தாய்வழி இருந்தது, இப்ப எத்தினை மிச்சம் எண்டு ஒப்பிட்டுப் பாக்கலாம் எண்டும் சொன்னாய். அப்ப வருசம் பிழைச்சா எல்லாம் பிழைக்கும். அது எனக்கு விளங்காம இல்லை. நான் எட்டாம் வகுப்புத்தான், ஆனா உது விளங்கும்.

பிள்ளை, அந்த வேளாவை ஐயா பிடிக்கேல்ல. நான்தான் பிடிச்சனான். 62 இல்லை, 1998. வட்டுவாகலும் இல்லை, நாயாறு.

1998 கார்த்திகை, உனக்கு மூண்டு வயசு. எஞ்சின் போட ஏலாது, மண்ணெண்ணெய் இல்லை, வெளிக்கடலுக்குப் போனா திரும்பி வாறது நிச்சயமில்லை, அதால நாங்கள் நாயாத்துப் பக்கம் பயந்து பயந்து தொழில் செய்த காலம். மழை விட்டு மூண்டாம் நாள், தொடுவாய், அதுதான் ஆறு கடலோட சேர்ற வாய், வெட்டுப்பட்டு ஆத்துத்தண்ணி மண் நிறத்தில கடலுக்க போகுது. விடியப்புறம் திருக்கை வலையை இழுக்கேக்க பாரம். கொம்பு வலையைச் சுத்திப்போட்டுது. பத்து முழம் இருக்கும். வலிச்சுக் கிடந்தது, அடிக்கேல்ல, மூச்சு வாங்குற மாதிரி வயித்துப் பக்கத்துச் செவுள் மட்டும் திறந்து திறந்து மூடுது.

ஐயா எங்களுக்குச் சின்னனில இருந்து சொல்லிச் சொல்லி வளத்தவர். மழைத்தண்ணிக்கு உள்ளுக்கு வாற வேளா பெட்டை, பிள்ளைத்தாச்சி, வலையை வெட்டி விடு, வலை போனா வேற வலை பின்னலாம் எண்டு. நீ இண்டைக்கு டிஎன்ஏயில பாத்து, பெட்டை வேளா தான் பிறந்த ஆத்துப் பக்கத்துக்கே திரும்பி வருது, அதால ஒரு ஆத்தில பெட்டை முடிஞ்சா அந்தத் தாய்வழி முடிஞ்சுது எண்டு சொல்லேக்க நான் ஒண்டும் கதைக்காம இருந்தது ஏன் எண்டு இப்ப விளங்கும். ஐயா படிக்கேல்ல. ஆனா அவர் அதைத்தான் சொன்னவர்.

நான் வெட்டினது வலையை இல்லை. தலையில மூண்டு அடி அடிச்சன். அந்தக் கிழமை நீ காச்சலில கிடந்தாய், அதுக்கு மருந்துக்கு எண்டு கொம்மாவுக்குச் சொன்னன், ஊருக்குச் சொன்னன். அது முழு உண்மை இல்லை. அவ்வளவு இறைச்சியையும் செட்டையையும் கண்ட உடன கை போட்டுது. அதுதான் உண்மை.

கரையில கீறினன். உள்ளுக்க ஒன்பது குட்டி. ஒரு குட்டியை நான் கையில எடுத்துப் பாத்தனான், அதின்ர கொம்பு முழுக்கச் சவ்வு மூடிக் கிடந்தது, ஈரப் பஞ்சு மாதிரி, பல்லு விரலுக்குத் தட்டுப்படேல்ல. பிறக்கேக்க தாயைக் கிழிக்காம இருக்கத்தான் அந்த உறை எண்டு நீ போன வருசம் படம் காட்டிச் சொன்னாய், கொம்மா கடவுளே எண்டா, நான் வெளிய எழும்பிப் போனன், பீடி பத்த எண்டு நினைச்சிருப்பாய். ஏழு குட்டி அசையேல்ல. ரெண்டு அசைஞ்சுது. ஐயா எங்கால வந்தார் எண்டு தெரியாது, ஒண்டும் பேசேல்ல, அந்த ரெண்டையும் ரெண்டு கையிலயும் ஏந்திக்கொண்டு இடுப்பளவு தண்ணிக்கு இறங்கினார். நீரோட்டத்துக்குத் தலையைக் காட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். கன நேரம் நிண்டார். பிறகு வெறுங்கையோட வந்தார். தைப்பொங்கல் வரைக்கும் என்னோட கதைக்கேல்ல. அந்த இறைச்சி ஏறின சட்டியில ஒரு வாய் தின்னேல்ல, அத்தை வீட்டில போய்த்தான் சாப்பிட்டவர். கொம்பை வீட்டுக்க வைக்க விடேல்ல, அதாலதான் அது முள்ளியவளையில அம்மம்மா வீட்டில தொங்கினது, அதாலதான் சுனாமிக்கும் தப்பினது.

2011ல திரும்பி வந்து அம்மம்மா வீட்டு இடிஞ்ச சுவருக்குக் கீழ இருந்து நீ அதை இழுத்தெடுத்து, மண் தட்டி, ஒரு பக்கம் 19 பல்லு மற்றப் பக்கம் 18 எண்டு எண்ணி, இது ஆர் பிடிச்சது அப்பா எண்டு கேட்டாய். உன்ர முகத்தைப் பாத்திட்டு நான் ஐயாவைச் சொன்னன். 2004 மார்கழி 26க்குப் பிறகு அவரைக் கேக்க ஏலாது எண்டு எனக்குத் தெரியும். வேண்டாம் எண்டு சொன்ன மனிசனின்ர தலையில அந்தக் கொலையைக் கட்டினன். இப்ப அவரை உலகம் முழுக்கப் பாக்குது.

உந்த டிஎன்ஏயில மீனின்ர தாய்வழி வரும், ஆர் கொண்டது எண்டு வராது. அதால நான் சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரிய வராது, நீ 62 எண்டு எழுதுவாய், 36 வருசம் பிழையான கணக்கு உன்ர பேரோட நிக்கும். கொம்மாவுக்குத் தெரியும், அவ ஒரு நாளும் வாய் திறக்க மாட்டா.

இன்னொண்டு. நீ வந்து நிக்கேக்க நந்திக்கடலிலயும் சிலாவத்தைத் தீர்த்தக்கரையிலயும் போத்திலில தண்ணி அள்ளினாய், அம்மாளாச்சி விளக்குக்குத் தீர்த்தம் எடுக்கிற அதே கரையில. ஊர்ச் சனம் சுத்தி நிண்டு பாத்தது, மீன் தண்ணியில உதிர்க்கிற தோலையும் வழுவழுப்பையும் வடிகட்டி என்ன மீன் இருக்கு எண்டு கண்டுபிடிப்பன், நான் படிக்கிற இடத்து ஆக்கள் 2016லயே அங்கத்தை ஆத்துத் தண்ணியில வேளாவை இப்பிடித்தான் பிடிச்சவை எண்டு சொன்னாய். ஓரா வந்தது, மணலை வந்தது, திரளி வந்தது, வேளா வரேல்ல எண்டு பிறகு வாடின குரலில சொன்னாய். நான் வட்டுவாகல் எண்டு சொன்ன பொய்யாலதான் நீ அங்க அள்ளினனீ. நாயாத்தில ஒரு போத்திலும் எடுக்கேல்ல. வேளா 30 வருசத்துக்கு மேலயும் சீவிக்கும் எண்டு நீதான் சொன்னனீ. ஐயா விட்ட ரெண்டும் தப்பியிருந்தா இப்ப 27 வயசு. தப்பியிருக்கும் எண்டு நான் சொல்லேல்ல, தங்கூசி வலைக்கும் இழுவைமடிக்கும் என்ன தப்பும். புளோரிடாவில 2015ல ஏழு வேளா தேப்பனே இல்லாமப் பிறந்திருந்தது எண்டு டிஎன்ஏயில பிடிபட்டதாம், ஆண் தேடிக் கிடைக்காமப் பெட்டை தனியக் குட்டி போட்டிருக்கும் எண்டு நீ சொன்ன அண்டைக்கு ராவு எனக்கு நித்திரை இல்லை. நாயாத்துக்கு வெளியில ஒரு பெட்டை தனியச் சுத்திக்கொண்டு திரியிற மாதிரியே கிடந்தது.

ஐயான்ர படத்தை எடுத்துப்போடு பிள்ளை. என்ர படத்தைப் போடு. கொண்ணன்ர கலியாணத்தில எடுத்தது ஒண்டு இருக்கு, அனுப்பச் சொல்றன். வருசம், இடம், ஒன்பது குட்டி, ரெண்டு விட்டது, எல்லாத்தையும் நான் சொன்ன மாதிரியே எழுது. கோவத்தில ஆத்துக்க இறங்கி நிக்காத, யோசிச்சுக்கொண்டு நிண்டா பின்னுக்குப் பாக்க மாட்டாய்.

உன்ர வடிகட்டுற கடதாசியும் கையுறையும் அனுப்பு. போத்திலை எப்பிடிக் கழுவ வேணும், கை படாம எப்பிடிப் பிடிக்க வேணும், ஐஸில எவ்வளவு நேரம் வைக்க வேணும் எண்டு நீ செய்தது முழுக்க எனக்கு ஞாபகம் இருக்கு. கார்த்திகையில மழை வந்தா நாயாத்துத் தொடுவாய் வெட்டுப்படும், மூண்டாம் நாள் விடியப்புறம் நான் போய் அந்த இடத்தில நிண்டு அள்ளுறன். இடம் எனக்குத்தான் தெரியும்.

அப்பா