விளையுமுன் பிடுங்கப்படும் சிரிப்பு: நண்பருக்கு ஒரு கடிதம்

முள்ளியவளை,
வைகாசி.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதமும், வட்ஸ்அப்பில் நீர் அனுப்பிய காணொளிகளும் கிடைத்தன. நாம் இருவரும் சேர்ந்து மேடையில் செய்த பழைய நகைச்சுவைகளை ஒவ்வொன்றாக ஒளிப்பதிவு செய்து யூரியூப்பில் போடலாம், கனடாவில் ஸ்காபுறோவில் உள்ள நம் ஆட்கள் விரும்பிப் பார்ப்பார்கள், கையில் நாலு காசும் மிஞ்சும் என்று எழுதியிருந்தீர். இதற்கு ஒரு வரியில் மறுமொழி எழுதிவிடலாம்தான். ஆனால் நீர் கேட்ட நாளிலிருந்து என் மனம் இந்தத் தொழில் போகிற போக்கையே சுற்றிக்கொண்டிருப்பதால், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளும்.

நமது மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிள் கதையை எடுத்துக்கொள்வோம். போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் கிடைக்காமல், சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய வழக்கத்தை வைத்துத்தான் அதைக் கட்டினோம். பெண் பார்க்க வரும்போது பெற்றோல் மணக்கிற மாப்பிள்ளை, கலியாணம் முடிந்த மறுநாளே மண்ணெண்ணெய்ப் புகை கக்குகிறான் என்று நீர் தொடங்குவீர். மாமனாராக நிற்கும் நான், “தம்பி, இன்னும் ரெண்டு துளி விட்டுப் பாரும்” என்பேன். புதுக்குடியிருப்பில் முதன்முதலாக அதைச் செய்தபோது சபை கல்லுப்போல் இருந்தது உமக்கு நினைவிருக்கும். அந்த வசனத்துக்கு முன் நான் புகைக்கு இருமவேண்டும் என்பது தருமபுரத்தில்தான் நமக்குப் பிடிபட்டது. எவ்வளவு நேரம் இருமவேண்டும் என்பதை விசுவமடுவில் முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி, என்னோடு போட்டிபோட்டு இருமிக் கற்றுத் தந்தார். திருவிழாக் காலம் முடிவதற்குள் அது ஊர் ஊராகத் தேய்ந்து, திருந்தி, வேண்டாத சொற்கள் உதிர்ந்து, நமக்கே தெரியாமல் ஒரு முழுமைக்கு வந்துவிட்டது. 2009 இல் போர் முடிந்த பிறகு ஏ9 வீதியால் பெற்றோல் தாராளமாக வந்ததும் கதையும் செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் 2022 இல் நாடு முழுவதும் கியூஆர் அட்டையோடு எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளைப் பார்த்தே அறியாத பொடியன்களும் கேட்டுச் சிரித்தார்கள். நான் சேர்த்தது ஒரே ஒரு வசனம்: “இப்ப மண்ணெண்ணெய்க்கும் லைன்தான் மாமா.”

இன்று ஒரு பொடியன் இப்படி ஒரு கதையைக் கட்டினால், முதல் இரவிலேயே சபையில் பாதிப்பேர் தொலைபேசியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அவன் மேடையை விட்டு இறங்கி ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் அது ரிக்ரொக்கில் ஏறிவிடுகிறது. அடுத்த ஊருக்குப் போனால், அவன் வாய் திறக்குமுன்னே பின்வரிசைப் பொடியன்கள் கடைசி வசனத்தைச் சொல்லிவிடுகிறார்கள். அவன் அதைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்றைக் கட்டுகிறான். அதற்கும் அதே கதிதான். இங்கே நல்ல திறமை உள்ள இளைஞர்கள் இருக்கிறார்கள், பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்களிடம் இருப்பவை எல்லாம் முதலிரவுக் கதைகள். (நீர் சிரிப்பீர் என்று தெரிந்தும் அந்தச் சொல்லை மாற்றாமல் விடுகிறேன்.)

தெரிந்த கதைக்கு யார் சிரிப்பார்கள் என்று நீர் கேட்கலாம். காத்தவராயன் கூத்தில் சின்னான் என்ன செய்வான் என்று ஊருக்கே தெரியும். இருந்தும் அவன் வரவுக்காகச் சனம் பாயை விரித்துக்கொண்டு காத்திருந்தது. கே. எஸ். பாலச்சந்திரன் அவர்களின் ‘அண்ணை றைற்’ தனிநடிப்பை ஒலிநாடாவில் கேட்டு மனப்பாடமாக்கியவர்கள்தான், அதை மேடையில் மறுபடியும் செய்யச் சொல்லிக் கேட்டவர்கள். இந்த ஸ்ராண்ட் அப் என்ற பெயர் இங்கு வருவதற்கு முன்னமே, ஓர் ஆள் தனியாக நின்று, பஸ் கொண்டக்டராக ஒரு பஸ் நிறைந்த சனத்தை நம் கண்முன் ஏற்றி இறக்கினார் அவர். இலங்கை வானொலியின் கோமாளிகள் நாடகமும் அப்படித்தான். மரிக்காராக ராமதாசும், அப்புக்குட்டியாக ராஜகோபாலும், உபாலியாக செல்வசேகரனும் ஆளுக்கொரு பேச்சு வழக்கில் வாரக்கணக்காகப் பேசிப் பழகி, கேட்பவரின் வீட்டு ஆட்களாகவே ஆகிவிட்ட பிறகுதான் 1976 இல் அது படமாக வந்தது. ஆகவே பதிவு செய்வது பகையல்ல. முன்பு பதிவு என்பது விளைந்த பிறகு வந்தது. இப்போது முளைக்கும்போதே வருகிறது. எனக்குள்ள மனத்தாங்கல் இவ்வளவுதான்.

இது நமது ஊரின் முறைப்பாடு மட்டுமல்ல. அமெரிக்காவில் டேவ் சப்பல் போன்ற நகைச்சுவையாளர்கள், பார்வையாளரின் தொலைபேசிகளை வாசலிலேயே பூட்டுப் போட்ட பைகளுக்குள் இடச்செய்கிறார்கள். அரங்குக்கு வெளியே வந்தால்தான் பை திறக்கப்படும். நான் அதை இங்கே செய்ய முடியுமா? முன்வரிசையில் தொலைபேசியைப் பிடித்திருக்கும் தாய், பாரிசில் இருக்கும் மகனுக்குத் திருவிழாவைக் காட்டிக்கொண்டிருக்கிறார். அதைப் பிடுங்க எனக்கு மனம் வராது. மனம் வந்தாலும் திருவிழாச் செலவை ஏற்ற உபயகாரர் விடமாட்டார், ஏனென்றால் அவரும் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

காசைப் பற்றியும் எழுதியிருந்தீர். 1979 இல் லொஸ் ஏஞ்சலிசில் ‘கொமெடி ஸ்ரோர்’ என்ற புகழ்பெற்ற அரங்கில் நகைச்சுவையாளர்கள் வேலைநிறுத்தம் செய்த கதையை அண்மையில் வாசித்தேன். பானம் பரிமாறியவருக்குச் சம்பளம் இருந்தது, மேடையில் நின்று சிரிக்கவைத்தவருக்கு இல்லை. இது உனக்குப் பயிற்சிக்களம், தொலைக்காட்சிக்காரர் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம் என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்ட சமாதானம். போராடிப் பெற்றது ஒரு தடவைக்கு 25 டொலர். வாசிக்கும்போது, இசைக்குழுவுக்குப் பேசிய தொகையைக் கொடுத்துவிட்டு நமக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிய திருவிழாக்கள் எல்லாம் வரிசையாக வந்துபோயின. தமிழ்நாட்டில் ‘கலக்கப் போவது யாரு’ மேடையில் நின்ற சிவகார்த்திகேயனுக்குச் சினிமா என்று ஏறிப் போக ஓர் இடம் இருந்தது. பிறகு 2019 இல் அலெக்சாண்டர் பாபு போன்றவர்கள் தமிழில் தனியாக நின்று பேசியும் பாடியும் அமேசன் காணொளித் தளத்துக்கே போய்விட்டார்கள். நமக்கு ஏறிப் போக ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த கோயில்தான் இருந்தது.

ஆகவே யூரியூப் காசை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. ஆயிரம் சந்தாதாரரும், ஆண்டுக்கு நாலாயிரம் மணித்தியாலப் பார்வையும் சேர்ந்தால் விளம்பரப் பணம் வரத்தொடங்கும் என்றும், இங்கிருந்து பார்ப்பதைவிடக் கனடாவிலிருந்து பார்த்தால் கூடவே வரும் என்றும் பொடியன்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு பகிடியையும் வளைக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் தண்ணீர்ப் போத்தலோடு திரிவது, நுளம்புக்குப் பயப்படுவது என்று திரும்பத் திரும்ப உங்களைப் பற்றியே செய்கிறார்கள், நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்பதால். கிழமைக் கடன் வசூலிக்க நுண்கடன்காரர் ஒழுங்கைக்குள் திரும்பியதும் ஊரே வீட்டில் இல்லாமல் போவதை ஒருவரும் தொடவில்லை. அதை நான் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் மனிதர்கள் மட்டுமல்ல, கோழிகளும் ஒளிகின்றன என்ற இடம் வரைக்கும் வந்திருக்கிறது. முடிவு இன்னும் சரிவரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2023 மே மாதம் நடாஷா எதிரிசூரிய என்ற நகைச்சுவையாளர், கொழும்பு மேடையில் பௌத்தத்தை அவமதித்தார் என்ற குற்றச்சாட்டில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வைத்துக் கைதாகி, யூலையில்தான் பிணையில் வந்தார். அவர் அரங்கில் பேசிய அன்றல்ல, பேச்சின் காணொளி பரவிய பிறகே அந்த ஆரவாரம் எழுந்தது. அரங்கில் இருந்தவர்கள் சிரித்ததை, அரங்கில் இல்லாதவர்கள் வழக்காக்கினார்கள். எதைச் சொல்லலாம், எதை விழுங்கவேண்டும் என்பதை நாமும் பொல்லாத காலங்களில் சபையின் முகத்தைப் பார்த்தே தீர்மானித்தோம்; கமராவுக்கு முகம் இல்லை. இணையத்தில் பேசுவதைக் கட்டுப்படுத்த 2024 இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்குப் பிறகு பொடியன்கள் இன்னும் யோசித்துத்தான் பேசுகிறார்கள், அதில் பிழை சொல்லமாட்டேன்.

எனவே எனது முடிவு இதுதான். சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட கதை, சங்கக்கடைக் கதை முதலிய, இனித் திருத்த ஒன்றுமில்லாத பழையவற்றைத் தாராளமாகப் பதிவு செய்வோம். வரும் காசில் பாதி உமக்கு. மோட்டார் சைக்கிள் கதையை மட்டும் தரமாட்டேன், நாட்டின் நிலைமையைப் பார்த்தால் அது இன்னும் ஓடும்போல் தெரிகிறது. நுண்கடன் கதையைச் சில ஊர்களில் செய்து பார்த்த பிறகு யோசிப்போம். அதற்குக் கடன்காரராக நிற்க ஓர் ஆள் வேண்டும், உமது குரல் அதற்கென்றே படைக்கப்பட்டது.

ஆவணியில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதும். உபயகாரரிடம் இருவருக்கும் சேர்த்துக் கூலி பேசவேண்டும். பொன்னாடை வேண்டாம் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
உமது பழைய மாமனார்.