சுகர் மாத்திரையைக் கூட்டும் முன்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டார மருத்துவர்களுக்கு,

வணக்கம். வெறும் வயிற்றில் சுகர் 180 என்று சீட்டில் கண்டதும் கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையை 1 மில்லிகிராமிலிருந்து 2 ஆக்குகிறீர்கள், அடுத்த முறை 4. மருந்தே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பிக் கூட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் பலரும் பொள்ளாச்சியில் டாக்டரைப் பார்த்துவிட்டு, இங்கே அரசு ஆஸ்பத்திரியிலும் மாத்திரை வாங்குவார்கள். தனியார் கடையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சுகர் மருந்தும் ஒரே மாத்திரையாக வரும், இங்கே தனித்தனியாக. பெயரும் நிறமும் வேறு என்பதால் இரண்டையும் விழுங்குகிறார்கள். அங்கே 2, இங்கே 2, ஆக 4 மில்லிகிராம் கிளிமிபிரைடு ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருக்கும். சீட்டில் இது தெரியாது. வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் பையோடு எடுத்துவரச் சொல்லி, அட்டையின் பின்புறமுள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள்.

அடுத்து, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும், சோறு வந்ததா என்று பார்க்காது. விடியலில் டீயோடு மாத்திரையைப் போட்டுவிட்டுக் களையெடுக்கப் போனவர் பத்து மணிக்குத்தான் வாயில் ஏதாவது வைப்பார். அதற்குள் வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும். ஆகவே 'காலையில் ஒன்று' என்று எழுதினால் போதாது, 'காலைச் சாப்பாட்டோடு' என்று எழுதுங்கள். அட்டெனலால் போன்ற பிபி மாத்திரை எடுப்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வேர்வைதான் அடையாளம். கள் குடிப்பாரா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். வெறும் வயிற்றில் குடித்தால் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை உண்டாக்குவது தடைபடும், இறங்கிய சுகர் ஏறாது.

கூட்டும் முன், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டும் பாருங்கள். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி தப்பாகக் காட்டும், நம் பெண்களிடம் இதை மறக்கக் கூடாது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, கிளிமிபிரைடு வகையைச் சேர்ந்த கிளிபென்கிளமைடு வேண்டவே வேண்டாம். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினையும் நிறுத்த வேண்டும். பல நோயோடு இருக்கும் எழுபத்தைந்து வயதுக்காரரின் எச்பிஏ1சியை 6.5க்குக் கொண்டுவரப் பாடுபட வேண்டியதில்லை, 8க்குள் இருந்தாலே போதும்.

சுகர் 70க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, பிறகு சாப்பிட வைக்க வேண்டும். நினைவில்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. இதை வீட்டாருக்குச் சொல்லிக்கொடுங்கள். கிளிமிபிரைடால் மயங்கியவர் குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து பேசுவார், உடனே அனுப்பிவிடாதீர்கள். மருந்து உடம்பில் இருக்கும்வரை சுகர் மறுபடி இறங்கும். ஒரு நாளாவது படுக்கையில் வைத்துப் பாருங்கள்.

மாத்திரைக் கவரில் மலையாளத்தில் மட்டும் எழுதித் தருகிறார்கள். தமிழ் மட்டும் படித்த பாட்டிக்கு அது வெறும் கோடு. 'சாப்பாட்டோடு' என்ற ஒரு சொல்லைத் தமிழிலும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எல்லையோர ஊர்களின் சுகர்க்காரர்களும் அவர்கள் வீட்டாரும்