வரைபடத்தைத் திருத்தித் தந்தவர்களுக்கு நன்றி

கலைஞர்கள் சேர்ந்து வாழ்ந்து வேலை செய்வதற்கான வீடு இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. ஆனால் வெறும் ஆசையாக இருந்த காகிதத்தில் இப்போது அளவுகள் ஏறியிருக்கின்றன. அவற்றைச் சொல்லித் தந்த உங்களுக்கு இந்த மடல்.

மின்பணியாளர் ஐயாவுக்கு முதல் நன்றி. சூளைக்குத் தனி மின்சுற்று, தனி பிரேக்கர். வேறெதையும் அதில் செருகக் கூடாது. சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். களிமண் சுடும்போது கார்பன் மோனாக்சைடும் கந்தக வாயுவும் கிளம்பும் என்பதால் வெளியேற்றும் விசிறி கட்டாயம், படுக்கையறைக்குப் பக்கத்தில் சூளையே கூடாது. படத்தில் அந்த இரண்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான் இருந்தது.

ஓவியக் கூடத்தில் தூரிகை துடைத்த துணிகளைப் போடும் கூடை எங்கே என்று கேட்ட தீயணைப்புத் துறை நண்பருக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. எண்ணெய் வண்ணங்களில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் வெறுமனே காய்வதில்லை; காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது சூடு பிறக்கும். துணியை விரித்துப் போட்டால் சூடு கலைந்துவிடும். கசக்கிக் குவித்தால் உள்ளேயே தேங்கி, நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். ஆகவே தண்ணீர் ஊற்றிய, மூடியுள்ள உலோக டப்பா ஒன்று கூடத்தில் எப்போதும் இருக்க வேண்டும். எல்லாரும் உறங்கும் வீட்டில் இதைவிடப் பெரிய விதி கிடையாது.

குழாய்ப் பணியாளருக்கும் நன்றி. களிமண் கையை நேராகத் தொட்டியில் கழுவினால் வடிகால் அடைத்துக்கொள்ளும். முதல் கழுவல் வாளியில்; இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் கொட்ட வேண்டும். காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னவரும் நீங்களே. அந்தத் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும்.

இசை அறைக்குச் சுவரைத் தடிப்பாக்கத் திட்டமிட்டிருந்தோம். கதவின் அடியிலுள்ள இடுக்கை முதலில் அடையுங்கள் என்றார் தச்சர். முரசின் அதிர்வு தரை வழியாகவும் நடக்கும் என்பதால் ரப்பர் மேல் நிற்கும் தனித் தளமும் அவர் யோசனைதான்.

பணத்தைப் பற்றிப் பேசிய பெரியவருக்கு வணக்கம். சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் தோழர்களும் தொடங்கியபோது, மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்ற வருமானம்தான் நிலம் வாங்கக் கைகொடுத்தது என்று நினைவூட்டினீர்கள். ஓவியம் விற்கும் மாதத்தை நம்பி வாடகை கட்ட முடியாது. விற்பனைக்கான கைவினைக் கூடம் இப்போது முதல் கட்ட வேலைக்கு வந்துவிட்டது.

நிலத்தை ஒருவர் பெயரில் எழுதினால் அவருக்குப்பின் அது வாரிசுகளுக்குப் போகும், மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டிவரும் என்று எச்சரித்த வழக்கறிஞர் அம்மாவுக்கும் நன்றி. அறக்கட்டளையோ கூட்டுறவுச் சங்கமோ, ஏதோ ஒன்றின் பெயரில்தான் பத்திரம். சேர்ந்து வாங்கிய சூளையில் விலகிப்போகிறவருக்கு என்ன பங்கு என்பதையும் நல்லுறவு இருக்கும்போதே எழுதிவிடச் சொன்னீர்கள்.

கடைசியாக, படத்தைப் பார்த்து, "தனியாக இருக்க இடம் எங்கே?" என்று மட்டும் கேட்ட கவிஞருக்கு. பொதுக்கூடத்தைச் சுருக்கி, ஒவ்வோர் அறைக்கும் உள்ளிருந்து தாழிடும் கதவு வரைந்துவிட்டோம்.