முக்கால்வாசிப் பேர் ஆதரவு, போனவர்கள் நான்கு பேர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போர் எதிர்ப்புப் பேரணியில் கூட்டம் குறைந்தால் ‘மக்களுக்கு அக்கறையில்லை’ என்று எழுதுகிறோம். கூட்டம் சேர்ந்தால் ‘மக்கள் கொதித்தெழுந்தார்கள்’ என்கிறோம். இரண்டுமே அவசரக் கணிப்பு.

1983 அக்டோபர் 29 அன்று, அமெரிக்காவின் க்ரூஸ் அணு ஏவுகணைகளை நெதர்லாந்தில் நிறுத்தக் கூடாது என்று ஹேக் நகரில் சுமார் 5.5 லட்சம் பேர் திரண்டார்கள். பெர்ட் கிளாண்டர்மன்ஸ் என்ற ஆய்வாளர், சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து, ஆம்ஸ்டர்டாமுக்குத் தெற்கே ஓர் ஊரில் யார் போகிறார்கள், யார் போகவில்லை என்று பேரணிக்கு முன்பும் பின்பும் விசாரித்தார். நூறு பேரில் ஏறக்குறைய 75 பேர் ஏவுகணை எதிர்ப்பு இயக்கத்தின் நோக்கத்தை ஆதரித்தார்கள். பேரணிக்கான அழைப்பு ஏதோ ஒரு வழியில் 60 பேரை எட்டியது. போகலாம் என்று நினைத்தவர்கள் 10 பேர்தான். உண்மையில் போனவர்கள் 4 பேர்.

பெரிய சரிவு 60க்கும் 10க்கும் நடுவில். சுவரொட்டியும் செய்தித்தாளும் தகவலைச் சொல்லிவிடும். கிளப்பிக் கூட்டிப் போவது தெரிந்த முகம்தான். ‘நான் போகிறேன், நீயும் வா’ என்று பக்கத்து வீட்டுக்காரரோ கூட வேலை செய்பவரோ சொன்னால் கால் தானாக நகர்கிறது. மிச்சம் ஆறு பேரை நிறுத்தியது உடம்பு சரியில்லை, வேறு வேலை வந்துவிட்டது போன்ற அன்றாடத் தடைகள். ஆர்வம் அழுத்தமாக இருந்தவர்கள் அதே தடைகளைத் தாண்டி வந்தார்கள்.

பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டும். 1985இல் ஏவுகணைகளுக்கு எதிராக 37 லட்சத்துக்கு மேல் கையெழுத்துகள் திரட்டப்பட்டும், நெதர்லாந்து அரசு அவற்றை ஏற்கவே முடிவெடுத்தது. அதன் பிறகு அந்த இயக்கம் தளர்ந்துபோனது.

சொந்தத் தலையில் விழும்போது கணக்கு மாறுகிறது. 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் 366 நீலக் குப்பிகளில் பிறந்த தேதிகளைப் போட்டுக் குலுக்கி, வியட்நாம் போருக்கு இளைஞர்களைக் கட்டாயமாக ராணுவத்தில் சேர்க்கும் அழைப்பு வரிசையை முடிவு செய்தார்கள். 195ஆம் எண் வரை உள்ளவர்களுக்கு அழைப்பு போனது. முன்வரிசை எண் விழுந்த இளைஞர்களிடம் போர் எதிர்ப்பு கூடுதலாக இருந்ததைப் பிற்கால ஆய்வு காட்டியது. அவர்கள் அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால்தான் இந்தச் சான்று வலுவானது.

நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரணியில் பேட்டி எடுப்பவர்கள் பெரும்பாலும் சிரித்த முகத்தையும் பதாகை பிடித்தவரையுமே அணுகுகிறார்கள். ஆய்வாளர்கள் இதைத் தவிர்க்க, யாரிடம் கேட்பது என்று சுட்டிக்காட்டத் தனி ஆள் வைக்கிறார்கள். அவர் இத்தனை வரிசைக்கு ஒன்று என்று எண்ணி, ஒருமுறை இடது ஓரம், ஒருமுறை நடு, ஒருமுறை வலது ஓரம் என ஆளைக் காட்டுவார். கேள்வித்தாள் தருபவருக்குத் தேர்வு செய்யும் உரிமை கிடையாது. உங்கள் நிருபர்களும் இப்படிச் செய்யட்டும். ‘ஏன் வந்தீர்கள்?’ என்பதோடு ‘யாரோடு வந்தீர்கள், யார் கூப்பிட்டார்கள்?’ என்றும் கேட்கட்டும். மறுநாள் வராதவர்கள் வீட்டுக் கதவையும் தட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்